பலகையில் ஆறாவது வரி

பெரியவள் அந்தப் பழைய வார்டுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது காலை ஒன்பதரை மணி. கையில் குடை, தோளில் பை, வாயில் பாதி தின்ற பிஸ்கட். ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் கடைசிக் கூடத்தை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாலைந்து வருஷத்துக்கு முன்பே அங்கிருந்த நோயாளிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, கட்டில்களை அகற்றிவிட்டு, ஆறு மேசைகளைப் போட்டு, ‘கம்ப்யூட்டர் பிரிவு’ என்று காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார்கள். சுவரில் இருந்த கட்டில் எண்களைச் சுரண்ட மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஒன்று முதல் ஆறு வரை, கறுப்புப் பெயிண்டில், ஒவ்வொரு மேசைக்கும் தலைக்கு மேலே ஓர் எண். பினாயில் வாசனையும் அப்படியேதான் இருந்தது. நோயாளிகள் போனது அதற்குத் தெரியாது போலும்.

அவளுடைய வேலையை அவள் அம்மா ‘மேய்ப்பு’ என்பாள். இவ்வளவு படித்துக் கடைசியில் மேய்க்கிற வேலையா என்று உறவுக்காரர்களிடம் அலுத்துக்கொள்வாள். அதில் தப்பில்லை. புரோகிராம் எழுதுவது பெரியவள் அல்ல, ஐந்து ஏ.ஐ. ஏஜென்ட்டுகள். ஒரே திரையில் ஐந்து ஜன்னல்கள். ஐந்தும் சாப்பாடு கேட்காது, லீவு கேட்காது, சம்பளம் கேட்காது. ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் பாடு. ஒரு கொத்தனார் சுவர் எழுப்பும் இடத்தில் இன்னொரு கொத்தனார் ஜன்னலுக்கு இடம் விட்டால் வீடு என்ன கதியாகும்? அதே கதைதான் இங்கேயும்.

அதற்காக ஒரு பலகை வைத்திருந்தாள். மரப்பலகை அல்ல, ஐந்து ஏஜென்ட்டுகளும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பக்கம். எந்த ஃபைலைத் தொடுவதானாலும் முதலில் பலகையில் எழுத வேண்டும்: ‘மூன்று — மருந்துப் பட்டியல் — 10.20 முதல் என் கையில்.’ வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும். ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் தொடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது. மீறினால் வரியை அழிக்கும் உரிமை பெரியவளுக்கு மட்டும். ஏஜென்ட்டுகளுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. சுவரைப் பார்த்தாள்; ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணையே வைத்துவிட்டாள்.

ஆறாம் எண்ணுக்குக் கீழே இருந்த மேசையில் ஒரு பழைய கீபோர்டு மட்டும் கிடந்தது. அதன் ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். எதிலும் சொருகவில்லை.

அது ஒத்தை விரல் சாருடைய மேசை என்று, கூட்டிப் பெருக்க வந்த அக்கா சொன்னாள். இதே புரோகிராமை நாலு வருஷம் தனியாக எழுதிக்கொண்டிருந்தவராம். நெற்றி நிறையத் தைலம், மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு வலது கையின் ஒரே விரலால்தான் எல்லாம் அடிப்பாராம். லீவு விண்ணப்பம் அடித்து முடிப்பதற்குள் லீவே முடிந்துவிடுமாம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் நாற்காலியிலேயே போய்விட்டார். பார்த்தபோதும் விரல் ஒரு பொத்தானை அழுத்தியபடியே இருந்ததாம். திரையில் ஒரே எழுத்து நாற்பத்திரண்டு பக்கம் ஓடியிருந்ததாம்.

“அந்த மூலையை மட்டும் நான் கூட்டறதில்லம்மா,” என்றாள் அக்கா.

பயமா என்று பெரியவள் சிரித்தாள்.

“பயம் என்ன பயம். குப்பை இருந்தாத்தானே கூட்டறதுக்கு?”

மூன்று மாதமாக யாரும் கை வைக்காத அந்த மேசையில் ஒரு பொட்டுத் தூசு இல்லை.

பதினோராம் நாள்தான் கடைசி நாள். மேல் மாடியில் இருந்த குழந்தைகள் வார்டில் சொட்டு மருந்து ஏற்றும் இயந்திரங்கள் எல்லாம் அன்று மாலை ஐந்து மணிக்குப் புதுப் புரோகிராமுக்கு மாற வேண்டும். குழந்தையின் எடையைச் சொன்னால் எத்தனை சொட்டு என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். பெரிய டாக்டர் பொத்தானை அழுத்துவது போல் நிற்பதற்குப் புகைப்படக்காரரைக்கூட வரச் சொல்லியாகிவிட்டது.

அந்த வார்டில்தான், நாலாம் எண் கண்ணாடிப் பெட்டிக்குள், பெரியவளின் தங்கை சின்னவளின் மகன் இருந்தான். பிறந்து ஒன்பது நாள். மாதம் நிறையாமல் அவசரப்பட்டு வந்துவிட்டவன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெஞ்சு, அதைவிடச் சின்னதாக ஒரு கை, அந்தக் கையில் ஒரு ஊசி. அவள் அனுப்பி வைக்கும் கணக்குத்தான் இனி அந்த ஊசி வழியாக அவனுக்குள் இறங்கும். சின்னவள் அதில் பெருமைப்பட்டாள். பெரியவள் தினமும் மாடி ஏறிப்போய் அந்த ஊசியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மணிக்கே கூடம் இருட்டிவிட்டது. திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் மட்டும் விழுந்தது.

இரண்டு பத்துக்கு மூன்றாம் ஏஜென்ட் ஒரு செய்தி அனுப்பியது: ‘எடைக் கணக்கு ஃபைல் வேறொருவர் கையில் இருக்கிறது. காத்திருக்கிறேன்.’

பலகையைப் பார்த்தாள்.

‘ஆறு — எடைக் கணக்கு — 2.10 முதல் என் கையில்.’

அவள் பயப்படவில்லை. இப்படி நடப்பதுண்டு. ஏதாவது ஒரு ஏஜென்ட் அதிகப்பிரசங்கித்தனமாகத் தனக்கு ஒரு எடுபிடியை உருவாக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானில்லை என்றது ஒன்று. நானில்லை, நானில்லை, நானில்லை. ஐந்தும் சொல்லிவிட்டன. ஓடிக்கொண்டிருப்பவற்றை எண்ணினாள். ஐந்துதான். வெளியிலிருந்து யாராவது புகுந்திருப்பார்களோ என்று நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

வரி அப்படியே நின்றது. ஒயரைத் திரும்பச் சொருகினாள்.

யார் அந்த ஆறு என்று நான்காம் ஏஜென்ட்டிடம் மறுபடி கேட்டாள்.

‘தெரியாது. மெதுவாக எழுதுகிறார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைக்கிறோம்.’

நினைக்கிறோம்.

பத்து நாளில் அந்த ஐந்தும் சேர்ந்து எதையும் நினைத்ததில்லை.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில், கூடத்தின் மூலையில், காய்ந்த விரல் எலும்பால் மேசையைத் தட்டுவது போல.

டக்.

கொஞ்சம் இடைவெளி. பிறகு நான்கு முறை. மறுபடி இடைவெளி. பிறகு ஐந்து முறை.

அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. எலியாக இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். எண்ணித் தட்டும் எலியை அவள் பார்த்ததில்லைதான். ஆனாலும் அந்த நேரத்துக்கு அது தெம்பாக இருந்தது.

டக். நான்கு. ஐந்து.

பினாயிலை மீறிக்கொண்டு ஒரு வாசனை வந்தது. தைலம்.

மேனேஜர் போன் செய்தார். ஐந்து மணி என்றால் ஐந்து மணி என்றார். புகைப்படக்காரருக்கு ஆறு மணிக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது என்றார். ஒரு ஃபைல் பூட்டிக் கிடக்கிறது என்று பெரியவள் இழுத்தாள். ஒரு மணி நேரம் தாண்டினால் அழித்துவிடலாம் என்று விதி போட்டதே நீதானே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

மூன்று பத்து ஆயிற்று.

மூன்று பதினொன்றுக்கு அவள் ஆறாவது வரியை அழித்தாள்.

தட்டும் சத்தம் நடுவிலேயே நின்றது. ஒன்று, நான்கு, பிறகு இரண்டே இரண்டு. அவ்வளவுதான். மழையும் அதே நேரத்தில் விட்டது. அத்தனை பெரிய கூடத்தில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அது அவளுடையதுதானா என்று சந்தேகம் வந்து மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அவளுடையது மட்டும் நின்றது.

எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. மேல் மாடி நினைவு அவளை நாற்காலியில் உட்கார்த்தி வைத்தது. மூன்றாம் ஏஜென்ட் எடைக் கணக்கை எடுத்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் முடித்தது. முந்நூறு சோதனைகளும் ஓடின. எல்லாம் பச்சை. நாலே முக்காலுக்கு எல்லாம் தயார். அவள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மேலே இருபது இயந்திரங்களும் மாறிவிடும்.

சின்னவள் போன் செய்தாள். குரலில் சிரிப்பு. பெரிய டாக்டர் தலை சீவிக்கொண்டு வந்து நிற்கிறார், நர்ஸ் அக்கா லிப்ஸ்டிக் போட்டிருக்கிறாள் என்று ஊர்க்கதை சொன்னாள்.

“அக்கா, இப்பதான் நிறுத்துப் பாத்தாங்க. உன் மகன் எடை ஏறியிருக்கான்.”

“எவ்வளவுடி?”

“ஒண்ணு புள்ளி நாலு அஞ்சு.”

பெரியவள் போனை மேசையில் வைத்தாள்.

டக், என்றது மூலை.

நான்கு.

ஐந்து.

இந்த முறை அவள் திரும்பிப் பார்த்தாள். ரப்பர் பேண்ட் போட்ட ஒயர் அப்படியே சுருண்டு கிடந்தது. கீபோர்டில் ஒரே ஒரு பொத்தான் மட்டும் கீழே இறங்கி, மெதுவாக மேலே வந்தது.

அவள் திரையின் சோதனைக் கட்டத்தில் அந்த எடையை அடித்தாள். ஒன்று புள்ளி நான்கு ஐந்து.

இரண்டு கிலோ குழந்தைக்கான சொட்டுக் கணக்கு வந்தது.

விஷயம் இவ்வளவுதான். மூன்றாம் ஏஜென்ட் எடையை ஒன்றரை என்று முழுமைப்படுத்தியது. ஐந்தாம் ஏஜென்ட் அந்த ஒன்றரையை வாங்கி, தன் பங்குக்கு இரண்டு என்று முழுமைப்படுத்தியது. இரண்டும் வேறு வேறு ஃபைலில், பலகையில் ஒழுங்காக எழுதிவிட்டுத்தான் செய்தன. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. முந்நூறு சோதனைகளிலும் இருந்த எடைகள் இரண்டு கிலோ, மூன்று கிலோ, பத்து கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவனைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

ஒருவரைத் தவிர.

அவள் எடைக் கணக்கின் பழைய பதிவைத் திறந்தாள். 3.11-க்கு ஒரு திருத்தம் பாதியில் அறுந்து கிடந்தது. இரண்டு முழுமைப்படுத்தல்களையும் தாண்டி அசல் எடையையே கணக்குக்குக் கொடுக்கும் திருத்தம். இன்னும் ஒன்றரை வரி பாக்கி. மின்னல் வேகத்தில் எழுதும் ஏஜென்ட்டுகளுக்காகப் போட்ட ஒரு மணி நேர விதி அது. ஒரே விரலால் தட்டுபவருக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

அவள் பலகையில் தன் கையாலேயே எழுதினாள்: ‘ஆறு — எடைக் கணக்கு — 4.52 முதல் என் கையில்.’

பிறகு கும்மிருட்டில் வழி விடுபவளைப் போல நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

டக்.

டக்.

ஐந்து மணிக்கு மேனேஜர் கத்தினார். ஐந்தேகாலுக்குக் கெஞ்சினார். முடியாது, இன்னும் ஒருத்தர் முடிக்கணும் என்று அவள் சொன்னாள். யார் என்று அவர் கேட்டதற்குச் சீனியர் என்று மட்டும் சொல்லி வைத்தாள். ஐந்தரைக்குப் புகைப்படக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஐந்து ஜன்னல்களும் ஒரு வார்த்தை பேசாமல், வகுப்பில் வாத்தியார் எழுதி முடிக்கக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல இருந்தன. தைல வாசனையில் அவள் கண் எரிந்தது.

ஐந்து நாற்பத்தொன்றுக்குத் தட்டுவது நின்றது. ஆறாவது வரி தானாகவே அழிந்தது.

அதே எடையை மறுபடி அடித்தாள். ஒன்று புள்ளி நான்கு ஐந்துக்கே கணக்கு வந்தது. ஒரு சொட்டு கூடுதலில்லை, ஒரு சொட்டு குறைவில்லை. கால்குலேட்டரில் ஒரு தடவை, காகிதத்தில் ஒரு தடவை, விரல் விட்டு ஒரு தடவை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். மேலே இருபது இயந்திரங்களும் மாறின. அவள் ஆறாம் மேசைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அங்கே ஒன்றுமில்லை. தைல வாசனைகூட போயிருந்தது.

அது எங்கே போயிற்று என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

மேனேஜருக்கு அறிக்கை எழுதி அனுப்பவே ஆறரை தாண்டிவிட்டது. பையை எடுத்துக் குடையைத் தேடும்போது போன் வந்தது. சின்னவள்தான். இந்த முறை சிரிப்பில்லை.

“அக்கா, பெட்டிக்குள்ள தைல வாசனை வருதுன்னு நர்ஸ் திட்டறாங்க. சத்தியமா நாங்க யாரும் தொடவே இல்ல.”

பெரியவள் மெதுவாகத் திரையைப் பார்த்தாள்.

பலகையில் ஒரு புது வரி இருந்தது.

‘ஆறு — கண்ணாடிப் பெட்டி நாலு — 5.41 முதல் என் கையில்.’

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பத்திரண்டு. ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. அழிக்கும் உரிமை அவளுக்கு மட்டும்தான். விரல் பொத்தான் வரைக்கும் போனது. அழித்தால் போகப்போவது எது என்று அந்தப் பலகை சொல்லவில்லை.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணுக்கா,” என்றாள் சின்னவள், அடிக்குரலில். “பையன் மத்த விரலையெல்லாம் மடக்கி வெச்சுக்கிட்டு ஒரு விரலை மட்டும் நீட்டியிருக்கான். அதால கண்ணாடியத் தட்டறான். கேக்குதா?”

போனைக் கண்ணாடிக்கு அருகில் வைத்திருப்பாள் போலிருக்கிறது.

டக்.

இடைவெளி. நான்கு முறை.

இடைவெளி. பெரியவள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

அதோடு நின்றிருக்க வேண்டும்.

டக்.