காலையில் வெட்டிய நகம்

கிட்டாரின் கழுத்தில் ஏதோ தட்டுவதுபோல் இருந்தது. டிக். அடுத்த இடத்துக்கு விரலை நகர்த்தினால் மறுபடி டிக். மரத்தில் விரிசல் விட்டிருக்கிறதா, கம்பி தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் தட்டுவது தன் நகம் என்று அவளுக்குத் தெரிந்தது. இடது கை நகங்கள் நான்கும் விரல்நுனியைத் தாண்டி வெள்ளையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

கிட்டார் வாசிக்கிறவர்கள் இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் கம்பியை அழுத்த முடியாது. அவளும் இன்று காலைதான் வெட்டியிருந்தாள். செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எட்டு வயது மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஒண்ணு கூட கீழ விழக் கூடாதும்மா, அப்பா கால்ல குத்தும்" என்று மேற்பார்வை பார்த்தாள். அந்த வாலு இருக்கும் இடத்தில் ஒரு விரலை விட்டுவிட முடியாது. எண்ணிப் பார்த்துத்தான் விடுவாள்.

சரி, அவசரத்தில் சரியாக வெட்டவில்லைபோல என்று நினைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபது.

அவளுக்கு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வாரத்தில் ஆறு நாளும் முன்பின் தெரியாதவர்களிடம் "மூச்ச இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே குரல் தேய்ந்துபோனவள். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு அரை மணி நேரம் கிட்டார். அதுதான் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து. அதனால்தான் இந்த வார இறுதி முகாம் பற்றித் தெரிந்ததும் யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்தாள். சனிக்கிழமை மதியம் ஏரிக்கரை வீட்டுக்கு வர வேண்டும், தன்னைப்போல் பொழுதுபோக்குக்கு வாசிக்கிறவர்களோடு சேர்ந்து ஒரே ஒரு பாட்டைப் பழக வேண்டும், ஞாயிறு மதியம் கிளம்பிவிடலாம். மகளிடம் சத்தியம் செய்திருந்தாள், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் நிற்பேன் என்று. "அஞ்சு ஒண்ணு ஆனா கதவத் திறக்க மாட்டேன்" என்றது அது.

பொழுதுபோக்குக்காரர்கள் என்றால் ஒருவர் தப்பை ஒருவர் தட்டிக்கொடுத்து, வாசிப்பதைவிட அதிகமாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் வந்தாள். இங்கே யாரும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வட்டமாக எட்டு நாற்காலி, ஏழில் ஆட்கள், ஒன்று காலி. ஏழு பேரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். ஒல்லியான மனிதர், கண்ணாடிக்குப் பின்னால் தூக்கமே பார்க்காத கண்கள். "ஒரு தடவ தப்பில்லாம முடிச்சிட்டாப் போதும், எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றார். ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை.

பாட்டு அவளுக்குப் பழக்கமானதுதான். முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள், இரண்டு மாதமாக வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தாள். இசைத்தாளில் மொத்தம் நாற்பது கட்டம். பதினாறு வரைக்கும் தண்ணீர்பட்ட பாடு. பதினேழாவது கட்டத்தில் சுண்டுவிரலை அகலமாக நீட்டி ஒரு கம்பியைத் தொட வேண்டும். அவளுக்கு எட்டாது. பக்கத்துக் கம்பியில் இடித்து, மூடியைக் கீழே போட்டதுபோல் டொங் என்று ஒரு சத்தம் வரும். மகள் அந்தப் பாட்டை நாள் முழுக்க முணுமுணுப்பாள், அந்த டொங்கோடு சேர்த்துத்தான். அது தப்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளைப் பொறுத்தவரை பாட்டே அப்படித்தான்.

இப்போதும் டொங்.

மாஸ்டர் கையைத் தூக்கினார். ஏழு கிட்டாரும் ஒரே வெட்டாக நின்றன. "முதல்லேருந்து" என்றார்.

மறுபடி டொங். முதல்லேருந்து. மறுபடி. எத்தனை முறை என்று அவள் எண்ணவில்லை. பத்துக்கு மேல் இருக்கும், இருபதுகூட இருக்கலாம். எதிர் நாற்காலியில் இருந்த வக்கீல் அம்மா ஒவ்வொரு தடவையும் மூக்கால் நீளமாக மூச்சுவிட்டாள். கடைசியில் வாயையும் திறந்தாள். "வீட்ல ஒரு தடவையாவது இதை எடுத்துப் பாத்தீங்களா?"

"டெய்லி வாசிக்கிறேங்க."

"கேட்டா அப்படித் தெரியல."

அவள் முகம் சூடானது. நாற்பது வயதை எட்டப்போகிறவளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைமாதிரி நிற்கவைத்துவிட்டார்களே என்று எரிச்சலாக வந்தது. மாஸ்டர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "நகம் பாத்துக்குங்க" என்றார். ஒரு நகவெட்டி கைமாறிக் கைமாறி வந்தது. எல்லோரும் சொல்லி வைத்ததுபோல் இடது கையை வெட்டினார்கள். வெட்டின துணுக்குகளை ஜன்னல் விளிம்பில் இருந்த கண்ணாடி ஜாடியில் போட்டார்கள். அவள் வந்ததிலிருந்து அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காய்ந்த வெள்ளைப் பூவிதழ்களை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். முழங்கை உயர ஜாடி. கழுத்துவரை நிரம்பியிருந்தது.

தன் முறை வந்து வெட்டியபோதுதான் விரல்நுனிகளைக் கவனித்தாள். தோல் தடித்து, மஞ்சளாகி, அழுத்தினால் உணர்ச்சியே இல்லாமல் மரக்கட்டையாக இருந்தது. ராப்பகலாக மாதக்கணக்கில் வாசித்தால்தான் அப்படிக் காய்த்துப்போகும். நேற்று ராத்திரி மகள் இதே விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியபோது இப்படி இல்லை. இருந்திருந்தால் அது சொல்லியிருக்கும்.

மணி மூன்று இருபது. ஜன்னல் கம்பியின் நிழல் அவள் வந்தபோது எங்கே விழுந்திருந்ததோ அங்கேயே, அவள் நாற்காலியின் முன்காலைத் தொட்டபடி கிடந்தது.

நகம் வெட்டும் அந்த இடைவேளையில் போனை எடுத்துப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை. சனிக்கிழமை, மூன்று இருபது, சார்ஜ் அறுபத்தொன்று. மகளிடமிருந்து ஒரு குரல் செய்தி. காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். "அம்மா, மணி அஞ்சரை ஆச்சு. நான் கதவத் திறந்துதான் வச்சிருக்கேன். சும்மா சொன்னேன்மா." செய்தி வந்த நேரம் சனி மூன்று இருபது என்றே இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திருப்பி அழைத்தாள். மணி அடிக்கவில்லை. ஏழு பேரும் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல்லேருந்து.

பக்கத்து நாற்காலி மருந்துக்கடைக்காரர் மட்டும், பக்கம் புரட்டும் சாக்கில் உதடு அசையாமல் பேசினார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி தப்பு பண்ணுனது நான். இப்ப எனக்கு வந்துருச்சு. உங்களுக்கும் வந்துரும்."

"எவ்வளவு நேரம் ஆச்சு உங்களுக்கு?"

"நேரமா?" என்றார். அவர் பார்வை ஜாடிப் பக்கம் போய்த் திரும்பியது. "அதை மட்டும் கேக்காதீங்க."

அடுத்த இடைவேளையில் இன்னொரு செய்தி. குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் தடித்த, வளர்ந்துவரும் பெண்பிள்ளையின் குரல். "அம்மா, இது உங்களுக்கு வருதான்னு தெரியல. அப்பா இந்த நம்பரை விட்டுடச் சொல்றாரு. போலீஸ்லயும் அங்க அப்படி ஒரு வீடே இல்லன்னுட்டாங்களாம். நான் விடலம்மா." அந்த 'ம்மா'வில் மட்டும் அந்த வாலுவின் குரல் அப்படியே இருந்தது.

எழுந்தாள். கிட்டாரை நாற்காலிமேல் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே அதே மூன்று இருபது வெயில், காற்று அசையாத ஏரி. மரத்தடியில் விட்ட கார் அங்கேதான் இருந்தது. நான்கு சக்கரமும் மண்ணுக்குள் உட்கார்ந்திருந்தன. முன்கண்ணாடி தெரியாதபடி சருகு மூடியிருந்தது. கதவு இடுக்கில் புல் முளைத்து, பூத்து, காய்ந்திருந்தது.

"நான் போகணும். என் பொண்ணு காத்திருக்கா."

"எங்களுக்கெல்லாம் யாரும் இல்லன்னு நெனச்சீங்களா?" என்றாள் வக்கீல் அம்மா. "போறதுக்கு வழி இருக்கு. அதை ஒழுங்கா வாசிங்க."

அவள் கதவை நோக்கி நடந்தாள். நான்கடி இருக்கும். கைப்பிடியைத் தொட்டாள், சில்லென்றிருந்தது, திருகினாள். பின்னால் மாஸ்டர் எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிட்டார் தொடைமேல். விரல்கள் முதல் கட்டத்தில். உள்ளங்கையில் கைப்பிடியின் குளிர்ச்சி இன்னும் போகவில்லை.

டொங்.

ஏழு தலைகள் திரும்பின. ஒருவர் கண்ணிலும் இரக்கம் இல்லை. மருந்துக்கடைக்காரர் கண்ணிலும் இல்லை.

அதன்பின் அவள் பேச்சை விட்டாள். பயத்தை எல்லாம் சுண்டுவிரலுக்கு அனுப்பினாள். நீட்டு. இன்னும். இன்னும் கொஞ்சம். நகம் வளர்ந்தது, வெட்டினாள், வளர்ந்தது. தோல் உரிந்தது, மறுபடி காய்த்தது. ஜாடியை யாரோ மாற்றினார்கள். தோளில் விழுந்த முடி ஒரு தடவை கறுப்பாக இருந்தது. ஒரு தடவை நரை கலந்திருந்தது. அப்புறம் அவள் தோளைப் பார்க்கவில்லை. நிழல் நாற்காலிக் காலைத் தொட்டபடியே கிடந்தது.

கடைசியாக வந்த செய்தி ஒரு பெரிய பெண்ணுடையது. "கிட்டார் கத்துக்கிறேன்மா. வாத்தியார் யாரும் இல்ல. நீங்க வாசிச்சது ஞாபகம் இருக்கு, அதை வச்சே." அவ்வளவுதான். பிறகு போனில் எதுவும் வரவில்லை.

ஒரு தடவை, எந்தத் தடவை என்று யாருக்கும் தெரியாது, சுண்டுவிரல் போய்த் தொட்டது. பதினேழாவது கட்டம் டொங் இல்லாமல் கடந்தது. யாரும் மூச்சுவிடவில்லை. இருபது. இருபத்தைந்து. வக்கீல் அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. முப்பது. தரையில் கிடந்த நிழல் ஒரு நூலிழை நகர்ந்தது. அவள் கண்ணால் பார்த்தாள். முப்பத்தாறு. முப்பத்தேழு. ஐந்து மணிக்குப் போய்விடலாம். எந்த ஐந்து மணியானாலும் சரி, வாசலில் போய் நின்றுவிடலாம்.

கதவு திறந்தது.

கை நின்றது. எல்லோர் கையும் நின்றன. நிழல் பழைய இடத்துக்குத் திரும்பியது.

கிட்டார் பெட்டியோடு ஒருத்தி நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலிலிருந்து வந்தவள் கண்ணைச் சுருக்கி வட்டத்தைப் பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க, லேட்டாயிடுச்சா?" அவள்மேல் எட்டு பேருக்கும் பொங்கிவந்த ஆத்திரத்தில் எக்ஸ்ரேக்காரியின் பங்குதான் பெரியது. இன்னும் மூன்று கட்டம். மூன்றே மூன்று. இந்தப் பெண்ணின் கழுத்தைத் திருகினால்கூடத் தகும் என்று தோன்றியது.

வட்டத்தில் எப்போது போட்டார்கள் என்று தெரியவில்லை, ஒன்பதாவதாக ஒரு நாற்காலி இருந்தது, அவளுக்கு நேர் எதிரே. வந்தவள் உட்கார்ந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். "எல்லாம் வாசிச்சிட்டுப் பேசிக்கலாம்" என்றார் மாஸ்டர். ஒண்ணு. ரெண்டு. மூணு.

வந்தவள் நன்றாகத்தான் வாசித்தாள். பதினான்கு. பதினைந்து. பதினாறு.

டொங்.

அதே இடம். அதே கம்பி. மூடியைக் கீழே போட்டதுபோல் அதே சத்தம். அதை அவள் தப்பாக வாசிக்கவில்லை. தயங்காமல், நிதானமாக, பாட்டே அப்படித்தான் என்பதுபோல் வாசித்தாள். உலகத்தில் அந்தப் பாட்டை அப்படித் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

எக்ஸ்ரேக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அதே புருவம். அதே சம்மணம், நாற்காலியில்கூட. எழுந்திரு. வெளியே போ. ஓடு. மூச்சை இழுத்தாள், பிடித்தாள், வாயைத் திறந்தாள்.

"முதல்லேருந்து" என்றது அவள் வாய், மற்ற ஏழு பேரோடும் சேர்ந்து.

வாசித்தார்கள். டொங். வாசித்தார்கள். டொங். மாஸ்டர் கையைத் தூக்கி, "நகம் பாத்துக்குங்க" என்றார். வந்தவள் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. லேசாகச் சிரித்தாள். "இன்னிக்குக் காலையிலதான் வெட்டினேன்."

நகவெட்டி கைமாறி வந்தது. எக்ஸ்ரேக்காரியின் கை அதை வட்டத்துக்குக் குறுக்கே நீட்டியது. மகளின் விரல் பட்டது. நுனி இன்னும் மெத்தென்று இருந்தது. மகள் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். வயதான எந்தப் பெண்மணியிடமும் யாரும் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னாள்.

"தேங்க்ஸ்மா."

அவள் பதில் சொல்லப் பார்த்தாள். உள்ளுக்குள் ஒரு பெயர் தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது வக்கீல் அம்மாவின் அதே குரல், அதே நீளமான மூச்சு.

"அந்த இடத்தைக் கொஞ்சம் கவனிம்மா. உன்னால எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

மகள் முகம் சிவந்து தலையைக் குனிந்தாள். நகவெட்டியை அழுத்தினாள். டிக். ஒரு வெள்ளைப் பிறை தெறித்துத் தரையில், நகராத நிழலின் ஓரத்தில் விழுந்தது. அவள் அதைக் குனிந்து தேடி எடுத்தாள், யார் காலிலும் குத்திவிடக் கூடாது என்று, ஜாடியில் போட.