பின்னேரத்துக் காயங்கள்

வினோஜா ரியூசன் வகுப்புக்குப் போகும் வழியில் சைக்கிளோடு கிளுவை வேலிக்குள் விழுந்துவிட்டாள். வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய முழங்கால்தான் கிழிந்துபோனது.

ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்ரெல்லா மிஸ்தான் அதைத் தைத்து, மருந்து கட்டிவிட்டார். அவர் அங்கே தாதி. தினமும் குருநகரிலிருந்து பஸ்ஸில் வருவார்.

இரண்டு நாள் கழித்துக் கட்டு மாற்றுவதற்காக, மத்தியானம் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வினோஜா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலில் ஊழியர்கள் சிலர் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு நின்றார்கள். அது அவர்களின் சாப்பாட்டு நேரம். சாப்பிடாமல் வெயிலில் நின்றார்கள். நடுவில் ஒரு நீளமான பதாகை. அதன் ஒரு நுனியைச் சீவரத்தினம் பிடித்திருந்தார். நோயாளிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகிறவர் அவர். ஊழியர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான்.

வினோஜா பதாகையை வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

'சுகாதார சேவைக் குறைப்பு நடவடிக்கையை உடனடியாக மீளப்பெறுக.'

"சீவரத்தினம் அண்ணை, உதிலை என்ன எழுதியிருக்கு?"

"ஏன் பிள்ளை, உனக்கு வாசிக்கத் தெரியாதோ?"

"வாசிச்சிட்டன். விளங்கேல்லை."

சீவரத்தினம் பதாகையை எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அடுத்த மாசத்திலையிருந்து ஆஸ்பத்திரியை மத்தியானத்தோட பூட்டப் போகினமாம். அரசாங்கத்திட்டைக் காசில்லையாம். பின்னேரத்திலை ஆக்கள் வாறதும் குறைவாம். பூட்டாதேங்கோ எண்டு கேக்கிறம்."

"அப்ப அதையே எழுதியிருக்கலாம்தானே?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சீவரத்தினமும் சிரித்தார்.

அந்த நேரம் ஊரில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் குகதாசன் மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் இரண்டு வாழைக்குலைகள் கட்டியிருந்தன. அவர் நிற்கவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

"உவைக்கு எப்ப பாத்தாலும் சம்பளம் காணாது. கூட்டித் தா எண்டு கேக்கிறதே வேலை."

சீவரத்தினத்தின் சிரிப்பு நின்றுபோனது. பதில் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் மோட்டார் சைக்கிள் வளைவில் மறைந்துவிட்டது.

"சம்பளத்துக்கு இல்லையெண்டு சொல்லுங்கோவன் அண்ணை."

"ஆருக்குச் சொல்லுறது பிள்ளை? ஒருத்தரும் நிண்டு கேக்கிறதில்லை."

உள்ளே ஸ்ரெல்லா மிஸ் பழைய கட்டை மெல்ல அவிழ்த்தார். அவருடைய கையிலும் கறுப்புப் பட்டி இருந்தது.

"மிஸ், பூட்டினால் நீங்கள் எங்கை போவியள்?"

"எங்கையாவது மாத்துவினம். எனக்கு எங்கையெண்டாலும் வேலை இருக்கும். உங்களுக்குத்தான் பின்னேரத்திலை கட்டுப்போட ஆள் இருக்காது. தெல்லிப்பழைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும்."

தெல்லிப்பழைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முழங்கால் கிழிந்தபோது எவ்வளவு இரத்தம் போனது என்று வினோஜா நினைத்துப் பார்த்தாள்.

"அப்ப இனிக் காலமையிலைதான் விழோணும்," என்றாள்.

ஸ்ரெல்லா மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வினோஜா சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது.

"காலமையிலை எப்பிடி மிஸ் விழுறது? நாங்கள் பள்ளிக்கூடத்திலை எல்லோ இருக்கிறம்."

வெளியே வந்தபோது சீவரத்தினம் இன்னொரு செய்தி சொன்னார். வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். பார்த்துவிட்டுப் போய்த்தான் முடிவு சொல்வார்களாம்.

அடுத்த நாள் இடைவேளையில் வினோஜா தன்னோடு படிக்கும் மயூரதனிடம் கேட்டாள்.

"உன்ரை நாடியிலை இருக்கிற தழும்பு எப்ப வந்தது?"

மயூரதன் பெருமையோடு முகவாயை உயர்த்திக் காட்டினான். "மாமரத்தாலை விழுந்தனான். ரியூசன் முடிஞ்சு வந்து ஏறினனான்."

அவ்வளவுதான். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தங்கள் தங்கள் தழும்பு நினைவுக்கு வந்துவிட்டது. ஒருத்தி கையைக் காட்டினாள். தகரம் வெட்டியது. ஒருவன் காற்சட்டையைச் சற்று உயர்த்திக் காட்டினான். நாய் கடித்தது. என்னுடையதுதான் பெரிது, உன்னுடையது சின்னது என்று சண்டையே வந்தது.

வினோஜா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பின்னேரம். எல்லாமே பின்னேரம். கட்டுப்போட்டது ஸ்ரெல்லா மிஸ்.

"அவவுக்கு நன்றி சொன்னீங்களோ?"

ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"நான் கத்தினனான்," என்றான் மயூரதன். "அவவின்ரை கையைக் கடிச்சும் போட்டன்."

வினோஜாவும் யோசித்துப் பார்த்தாள். 'நோகுது, நோகுது' என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"வியாழக்கிழமை போய்ச் சொல்லுவம். அந்தப் பெரிய சேரும் அங்கை நிப்பார். அவரும் கேக்கட்டும்."

"சண்டை பிடிக்கிறேல்லையோ?" என்று மயூரதன் கேட்டான். அவனுக்குச் சற்று ஏமாற்றம்.

"இல்லை. நன்றி மட்டும்தான்."

வீட்டில் அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "உது பெரிய ஆக்களின்ரை விசயம். உங்களுக்கேன் தேவையில்லாத வேலை?"

"நன்றி சொல்லுறது தேவையில்லாத வேலையோ அம்மா?"

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த வினோஜாவின் தம்பியைப் பார்த்தார்.

"நில், நானும் வாறன்," என்றார்.

வியாழக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பழைய பதாகையைக் காணவில்லை. ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பில் பெரிய எழுத்துகளில் புதிதாக எழுதியிருந்தார்கள்.

'பின்னேரம் விழுந்தால் ஆர் கட்டுப்போடுறது?'

வினோஜாவைக் கண்டதும் சீவரத்தினம் கண்ணைச் சிமிட்டினார்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சங்கத்தினர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "எனக்கு விளங்குது. ஆனால் பின்னேரத்திலை இஞ்சை ஆக்கள் வாறதில்லை எண்டுதானே சொல்லுகினம்," என்றார்.

அப்போது பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வரிசையாக வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வினோஜாவின் அம்மா, வினோஜாவின் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீங்கள் என்ன பிள்ளையள், போராட்டத்துக்கோ?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை சேர். ஸ்ரெல்லா மிஸ்ஸுக்கு நன்றி சொல்ல வந்தனாங்கள்," என்றாள் வினோஜா. அவள் முழங்காலைக் காட்டினாள். "எனக்கு முழங்கால் கிழிஞ்சது. பின்னேரம். மிஸ்தான் தைச்சவ. நன்றி மிஸ்."

மயூரதன் முன்னால் வந்து நாடியைக் காட்டினான். "பின்னேரம் சேர். நன்றி மிஸ். கடிச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கை வந்தது. கால் வந்தது. நெற்றி வந்தது. ஒவ்வொருவரும் காட்டிவிட்டு, "பின்னேரம்" என்றும், "நன்றி மிஸ்" என்றும் சொன்னார்கள். கடைசியாக, அக்காவோடு வந்த முதலாம் வகுப்புச் சின்னப் பெடியன் ஒருவன் நின்றான். அவன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை.

"உனக்கு என்ன தம்பி?" என்று அதிகாரி குனிந்து கேட்டார்.

"நான் மூக்குக்குள்ளை கச்சான் கொட்டை போட்டனான். மிஸ்தான் எடுத்தவ."

"எப்ப?"

"பின்னேரம். ரெண்டு தரம்."

அதிகாரியே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு, தெருவில் போன குகதாசன் மாமா மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். புதிய பதாகையை நின்று நிதானமாக வாசித்தார். பிறகு தன் பெருவிரலைப் பார்த்தார். குலை வெட்டும்போது கத்தி பட்டு, அதுவும் இங்கேதான் தைக்கப்பட்டிருந்தது.

"தம்பி சீவரத்தினம், அப்ப உது சம்பளத்துக்கு இல்லையோ?"

"இல்லை அண்ணை. ஆஸ்பத்திரிக்குத்தான்."

"நான் பிழையாய் விளங்கிப்போட்டன்." அவர் இறங்கி வந்து பதாகையின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் வினோஜாவின் அம்மா பேசினார். கூட்டத்தில் பேசி வினோஜா அவரை ஒருநாளும் கண்டதில்லை.

"சேர், இவன் கைக்குழந்தையாய் இருக்கேக்கை ஒருநாள் பின்னேரம் இழுப்பு வந்தது. உதடெல்லாம் நீலம். பிள்ளையளின்ரை அப்பாவும் வீட்டிலை இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். மிஸ் வாசலிலையே பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு உள்ளுக்கு ஓடினவ. தெல்லிப்பழைக்குக் கொண்டு போயிருந்தால் வழியிலையே..."

அம்மா தம்பியின் தலையைத் தடவினார். அவனோ நிலக்கடலை போட்ட பெடியனின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு போற அவசரத்திலை ஒண்டும் சொல்லாமல் போயிட்டன். பிறகு வந்து சொல்லுவம், சொல்லுவம் எண்டு விட்டுட்டன். நன்றி மிஸ்."

ஸ்ரெல்லா மிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வினோஜா தன் தம்பியைப் பார்த்தாள். காலையில் அவளுடைய பென்சிலை முறித்தவன். அவனுடைய மற்றக் கையைப் போய் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி சங்கத்தினர் பக்கம் திரும்பினார். "நான் தனிய முடிவெடுக்க ஏலாது. ஆனால் பாத்ததைப் பாத்தபடி சொல்லுவன்," என்றார்.

சங்கத்தினர் அதோடு விட்டுவிடவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்றார்கள். இப்போது அவர்கள் தனியாக நிற்கவில்லை. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். அம்மாமார் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குகதாசன் மாமா போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்து, "சம்பளத்துக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு," என்று விளக்கம் சொன்னார்.

மாத முடிவில் செய்தி வந்தது. ஆஸ்பத்திரி முன்பு போலவே பின்னேரமும் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானத்தோடு பூட்டுவார்கள். "அதையும் கேட்டு எடுப்பம்," என்று சீவரத்தினம் சொன்னார். சொல்லிவிட்டு, அந்த மாதத்தில் முதல் தடவையாக நேரத்துக்குச் சாப்பிடப் போனார்.

அன்று வேலை முடிந்து ஸ்ரெல்லா மிஸ் வெளியே வந்தபோது, வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவர் கத்தரிக்காய் கொடுத்தார். ஒருவர் முருங்கைக்காய்க் கட்டுக் கொடுத்தார். குகதாசன் மாமா ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் கொடுத்தார். வேண்டாம், வேண்டாம் என்று மிஸ் சொல்லச் சொல்லப் பைகள் கூடிக்கொண்டே போயின. ஒரு பெரிய பூசணிக்காயை வினோஜா கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை கூடவே போனாள்.

பஸ் வந்தது. கொண்டக்டர் எட்டிக் குனிந்து பைகளை வாங்கி வைத்தார். பூசணிக்காயைக் கண்டதும் அவருடைய கண்கள் விரிந்தன.

"என்ன மிஸ், சந்தைக்குப் போயிட்டு வாறியளோ?"

"இல்லைத் தம்பி," என்றார் ஸ்ரெல்லா மிஸ், வினோஜாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. "வேலைக்குப் போயிட்டு வாறன்."