தாகமெடுக்காத டிரம்

மூக்கிக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அண்ணன். பால் திரிவதற்கு முன்பே, "அம்மா, பால் கெடப்போகுது" என்று சொல்லிவிடுவாள். அண்ணன் தன் அழுக்குக் காலுறையை எந்த மூலையில் ஒளித்து வைத்தாலும் நேராகப் போய் எடுத்துவிடுவாள். அவளுக்கு வேறு பெயர் இருப்பதே ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது.

அப்படிப்பட்ட மூக்கி செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் மட்டுமா? வாசல் காவலாளிகூடக் கைக்குட்டையும் கையுமாகத்தான் நின்றார்.

நாற்றம் பின்சுவரோரம் இருந்த நீல டிரம்மிலிருந்து வந்தது. அது மூக்கி கேட்டு வாங்கிய டிரம். ஒரு மாதத்துக்கு முன்பு பள்ளி முழுவதும் கூடியிருந்தபோது எழுந்து நின்று அவள் சொன்னாள்: "நாம தூக்கிப் போடுற பழத்தோல் எல்லாம் லாரியில ஏறி குப்பைமேட்டுக்குப் போகுது. அங்க குவிஞ்சு அழுகி, பூமியைச் சூடாக்குற வாயுவை விடுது. ஒரு டிரம் குடுங்க. நான் அதை மண்ணாக்கிக் காட்டுறேன்."

தலைமை ஆசிரியை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன.

"திங்கட்கிழமை லாரி வரும். அதுக்குள்ள நாத்தம் போகலைன்னா டிரம்மும் அதுல போயிடும்."

"நாத்தம் போயிடும் டீச்சர்."

"எப்படிப் போகும்?"

"அது இன்னும் தெரியலை டீச்சர். ஆனா போயிடும்."

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மூக்கி டிரம்மைத் திறந்து குச்சியால் கிளறினாள். உள்ளே எல்லாம் கொழகொழவென்று மிதந்தது. மூடியோ இறுக்கமான மூடி. மழையும் பெய்யவில்லை. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மாலை மணி அடித்ததும் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கூடவே அவள் தோழி ஒட்டடைக்குச்சியும் நின்றாள். வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் வரிசையாக வந்தார்கள். ஒருவன் மூடியைத் தூக்கினான். மற்றவர்கள் தங்கள் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை டிரம்முக்குள் கவனமாக ஊற்றினார்கள்.

மூக்கிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னடா பண்றீங்க?"

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பொக்கைவாய்ப் பையன் பெருமையோடு சொன்னான்: "தண்ணி குடுக்கிறோம் அக்கா. குழாய்க்கு மேல எழுதியிருக்குல்ல, மிச்சத் தண்ணியக் கீழ ஊத்தாதே, செடிக்கு ஊத்துன்னு? எல்லாச் செடிக்கும் பெரிய கிளாஸ் அண்ணா அக்காங்களே ஊத்திடுறாங்க. டிரம் பாவம், எவ்வளவு சாப்பிடுது! தாகமா இருக்காதா?"

வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. குழாய்க்கு மேல் இருந்த அறிவிப்பு, போன வருடம் மூக்கி தன் கையால் எழுதி ஒட்டியது!

"தப்பு உன் மேல இல்லைன்னு டீச்சர்கிட்ட சொல்லிடு" என்று காதைக் கடித்தாள் ஒட்டடைக்குச்சி.

"மாட்டேன்டி. இவங்க நல்லதுதானே நினைச்சாங்க? திட்டு வாங்கினா அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாங்க."

அன்று டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரை வடிக்கப் பார்த்ததில் ஷூ சொதசொதவென்று நனைந்து வீடு வந்து சேர்ந்தாள். பேருந்து ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த அம்மா, பழைய செய்தித்தாளைக் கசக்கி ஷூவுக்குள் திணித்தாள்.

"எதுக்கும்மா?"

"காஞ்ச காகிதம் ஈரத்தை இழுத்துக்கும். இல்லைன்னா நாளைக்கு உன் ஷூ ஊரைக் கூட்டிடும்."

காலையில் மூக்கி ஷூவை முகர்ந்து பார்த்தாள். நாற்றமே இல்லை. ஷூவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காய்ந்த ஏதாவது நிறைய வேண்டும். ஒரு டிரம்முக்குப் போதுமான அளவு வேண்டும்.

பள்ளியில் தோட்டக்காரர் விளையாட்டுத் திடலின் மூலையில் நின்று சருகுக் குவியலை முறைத்துக்கொண்டிருந்தார். குவியல் அவர் இடுப்பு உயரம் இருந்தது.

"புகை வருதுன்னு எரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. சரிதான். ஆனா வைக்க இடம் வேணாமா? என்னைக் கேட்டுக்கிட்டா இலை விழுது?"

"மாமா, எனக்குக் குடுங்களேன்!"

"எவ்வளவு வேணும்?"

"எல்லாம்!"

தோட்டக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தபடி ஓடிப்போய் சருகு வாரும் நீளக் கைப்பிடி வைத்த முள்வாரியை எடுத்துவந்தார். ஆணியை அடித்து டிரம்மின் அடியில் துளைகள் போட்டார். தண்ணீர் வடிந்தது. மூக்கியும் ஒட்டடைக்குச்சியும் சருகைக் கொட்டிக் கொட்டிக் கிளறினார்கள்.

ஒன்றாம் வகுப்புக்கு மூக்கி புது வேலை கொடுத்தாள். தினமும் ஆளுக்கு ஒரு பிடி சருகு. பாட்டிலில் மிஞ்சும் தண்ணீரை ஊற்றச் சுவரோரம் வரிசையாக விதை ஊன்றிக் கொடுத்தாள்.

"அப்போ டிரம்முக்குத் தாகமே எடுக்காதா அக்கா?" என்றான் பொக்கைவாய்.

"பழத்தோல்லயே அதுக்கு வேண்டிய தண்ணி இருக்குடா. நாமதான் மேல மேல ஊத்தி அதுக்கு மூச்சு முட்ட வச்சுட்டோம்."

வியாழக்கிழமை நாற்றம் பாதியானது. வெள்ளிக்கிழமை காவலாளியின் கைக்குட்டை சட்டைப்பைக்குப் போனது.

திங்கட்கிழமை லாரி வந்தது. தலைமை ஆசிரியை மூக்கைப் பிடித்தபடியே டிரம்மருகே வந்தார். மூக்கி மூடியைத் திறந்தாள். அவர் மெல்லக் கையை எடுத்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"எங்கே நாத்தம்?"

"போயிடும்னு சொன்னேனே டீச்சர்!"

அவர் லாரிக்காரரைப் பார்த்துப் போகலாம் என்று கையசைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து, காலையில் தின்ற வாழைப்பழத்தின் தோலை எடுத்து டிரம்முக்குள் போட்டார்.

உடனே பொக்கைவாய் அவர் கையில் ஒரு பிடி சருகைத் திணித்தான்.

"இதையும் போடுங்க டீச்சர். இல்லைன்னா அதுக்கு வயிறு கெட்டுப்போயிடும்!"

தலைமை ஆசிரியை மறுபேச்சில்லாமல் போட்டார். மூக்கி கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.