நாலு நிமிஷ போன்

பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அம்மா, "எப்படா வருவே?" என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ராணுவ முகாமின் கோடியில் தகரப் பெட்டி மாதிரி ஓர் அறை, அதற்குள் ஒரே ஒரு போன், ஆளுக்கு நாலு நிமிஷம். ரிசீவரில் முன்னால் பேசியவனின் எச்சில் ஈரமும் சிகரெட் நாற்றமும் ஒட்டியிருந்தன. வெளியே டீசல் புகையைக் கக்கிக்கொண்டு ஜெனரேட்டர் ஓடியது. வெயிலில் கூரைத் தகரம் விட்டு விட்டு முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. கடல் தாண்டி இருக்கும் மகனைப் பேசவே விடாமல் பேசுகிற அம்மா, இன்று ஒற்றைச் சொல்லில் முடித்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"கால் வலி?"

"பரவாயில்லைங்க."

"என்னம்மா, பெத்த பிள்ளைக்குத் திடீர்னு மரியாதை?"

வரிசையில் அடுத்து நின்ற சமையல்காரன் தகரத்தைத் தட்டினான். "மச்சான், எங்களுக்கும் பொண்டாட்டி இருக்கா. சீக்கிரம் கொஞ்சிட்டு வா."

அதற்குள் அம்மா போனை அவன் மனைவியிடம் கொடுத்திருந்தாள்.

"யாரு பேசுறீங்க?"

"யாரா? உன் புருஷன்டி."

நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் யாரோ கனமாக நடந்தார்கள். பூட்ஸ். அந்த வீட்டில் பூட்ஸ் போடுகிற ஒரே ஆள் அவன்தான்.

"வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லைங்க. அவர் உங்க முகாம்லதானே இருக்காரு."

ஒப்பித்தாள். அவன் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். போன விடுப்பில்தான் சொல்லிக்கொடுத்தான்: தாங்க முடியாமல் நான் ஒருநாள் ஓடி வந்துவிட்டால் பின்கதவைத் திறந்து உள்ளே விடு. யாரிடமும் மூச்சு விடாதே. ராணுவ போலீஸ் என் குரலிலேயே போனில் பேசி ஆழம் பார்ப்பான். அழுதாலும் நம்பாதே.

பின்கதவை யாரோ தட்டியிருக்கிறான். அவள் திறந்திருக்கிறாள்.

"நான் ஓடி வரலைடி. இங்கதான் இருக்கேன். அது நான் இல்லை. பாப்பாவைத் தூக்கிட்டு வெளியே ஓடு!"

"இந்த வித்தையை வேற எங்கயாவது காட்டுங்க சார். என் புருஷனை எனக்குத் தெரியாதா? மூணு நாளா..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போனை அவள் வைக்கவில்லை. அது கை மாறியது.

"அப்பா?" ஏழு வயது மகள்.

"பாப்பா, அப்பாதான்டா. அங்க இருக்கிறது யாரு?"

"நீங்கதான். நீங்கதானே இப்ப போனை என் கையில கொடுத்தீங்க."

ரிசீவர் வியர்வையில் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"என்ன பண்றாரு?"

"விளையாட்டு. முதல்ல பாட்டி, அப்புறம் அம்மா, அப்புறம் நான். சுவரைப் பார்த்து நிக்கணும். மூக்கு சுவர்ல படணுமாம். திரும்பக் கூடாதாம்."

போன மாதம், ஆற்றங்கரையில் ஒரு வீடு. ஒரு கிழவி, ஒரு பெண், ஒரு குழந்தை. சுவரைப் பார்த்து நிற்கவைத்து ஒவ்வொருவராக முடித்தது அவன்தான். அவனோடு போன சிப்பாய்கள் யாரும் உயிரோடு முகாம் திரும்பவில்லை. அவனும் யாரிடமும் சொன்னதில்லை.

"கை?" என்றான்.

"தலைக்கு மேல. எனக்கு மட்டும் ஒரு கை. போன் இருக்குல்ல?"

நாலு நிமிஷம் தாண்டியிருந்தது. லைன் தானாக அறுந்திருக்க வேண்டும். அறுபடவில்லை. தகரத்தைத் தட்டிய சமையல்காரனையும் காணோம். ஜெனரேட்டர் சத்தமும் இல்லை.

பூட்ஸ். ஓர் அடி. இன்னோர் அடி. நின்றது.

"பாப்பா, ஓடு."

"பேசக் கூடாதாம்ப்பா."

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

காதுக்குள் மூன்று மூச்சு கேட்டது. சுவரில் பட்டுத் திரும்புகிற மூச்சு.

பிறகு இரண்டு.