பாஸ்கா திரியும் விழாக்கிண்ணமும்

பங்குமனை முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், கல்முனைக்கு மாற்றலாகி இரண்டு கிழமையே ஆன பாதர் எமில். அவருக்கு இடப்புறம் ஸ்டூலில் கோயில் வேலையாள் அருளப்பு. சன்னலோரம் நீதிமன்றத்துக்கு எதிரே மனு எழுதும் பஸ்மிலா; பக்கத்தில் போட்டோகொப்பிக் கடைக்காரி சுஜித்தா. கதவருகே, கதிரை நுனியில், ஹாஜறா.

ஹாஜறாவின் கணவன் றினாஸ் திங்கட்கிழமை கோயில் அலுமாரியைத் திருத்திய தச்சன். பெருநாள் பூசைக்கு மட்டும் எடுக்கும் வெள்ளி விழாக்கிண்ணத்தைக் காணவில்லை என்று பாதர் கொடுத்த முறைப்பாட்டில், இன்று விடிந்ததிலிருந்து பொலிஸில் இருக்கிறான்.

“வெள்ளிக்கிழமை அவருக்குக் கட்டாருக்குப் பிளைட், ராத்தா,” என்றாள் ஹாஜறா பஸ்மிலாவிடம். “ வழக்குப் பதிஞ்சா எல்லாம் போச்சு. கிண்ணத்தில இரிக்கிற ஐ, எச், எஸ் அவர்ட கொப்பியிலயும் கீறியிரிக்காம், அதான் சாட்சியாம்.”

“அது இயேசுட பேர். கிரேக்கத்தில முதல் மூண்டு எழுத்து,” என்றார் பாதர். “அலுமாரிக் கதவில செதுக்கச் சொல்லிக் கீறிக் குடுத்ததே நான்தான்.”

“அப்ப மிச்சம் இந்தப் படம் மட்டும்தான்,” என்றாள் பஸ்மிலா, அருளப்பு பொலிஸுக்குக் காட்டியிருந்த போன் படத்தைப் பார்த்தபடி.

அருளப்பு நிமிர்ந்தான். “ஞாயிறு பின்னேரம் மினுக்கிப் பீடத்தில வெச்சு எடுத்தன். செவ்வாய் பார்த்தா இல்ல. நடுவில வந்தது தச்சன்தானே?”

படத்தில் கிண்ணம், அருகே நெடிய மெழுகுதிரி.

“இந்தத் திரியில என்ன அடையாளம், பாதர்?”

“பாஸ்கா திரி, ஈஸ்டருக்கு ஏத்திறது. மேல அல்பா, கீழ ஒமேகா. தொடக்கமும் முடிவும் அவரே எண்டு. நடுவில சிலுவை. சிலுவைட நாலு மூலையிலயும் அந்த வருசத்து இலக்கம். ஒவ்வொரு பாஸ்காவுக்கும் புதுத் திரி.”

சுஜித்தா அதற்குள் போனில் படத்தைப் பெருப்பித்துவிட்டாள். “மேல ரெண்டு, சைபர். கீழ ரெண்டு, நாலு!”

“வரக்குள்ள கோயிலுக்குள்ள எட்டிப் பார்த்தன். அங்க நிக்கிற திரியில கடைசி அஞ்சு,” என்றாள் பஸ்மிலா.

“பழைய திரிய வெச்சு எடுத்திருந்தா, அக்கா?” என்றாள் சுஜித்தா.

“ஒரு வருசம் எரிஞ்ச திரியா இது? முழு உயரத்தில நிக்கிது. படம் போன வருசத்தது. அருளப்பண்ணன், நீங்க கிண்ணத்த மட்டும்தான் பார்த்தீங்க. வருசம் வருசம் பார்க்கிற திரி கண்ணில படயில்ல.”

ஹாஜறா அருளப்புவின் பக்கம் திரும்பினாள்.

“கைதவறி விழுந்து தண்டு முறிஞ்சிட்டு, பாதர்,” என்றான் அருளப்பு. “ஒட்டுறதுக்கு மட்டக்களப்புக்குக் கொண்டு போகக்குள்ள பஸ்ஸில விட்டுட்டன். பழைய பாதரிட்ட, மினுக்கக் குடுத்திரிக்கன் எண்டு சமாளிச்சன். நீங்க அலுமாரியத் திறந்து எண்ணத் தொடங்கினோண்ண பயந்திட்டன்.”

“உங்கட பயத்துக்கு என்ட மாப்பிள்ளயா கிடைச்சார்?” என்றாள் ஹாஜறா.

பாதர் சொல்லச் சொல்ல பஸ்மிலா எழுதினாள்: றினாஸ் குற்றமற்றவர், முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறேன், உண்மையை இக்கடிதம் கொண்டுவருபவர் சொல்வார். அவர் கையொப்பமிட்டு முத்திரை குத்தினார். உறையில் பசை தடவி அழுத்தி, அதை அருளப்புவிடம் நீட்டினார்.

ஹாஜறா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். “நானும் அதே ஓட்டோவில வாறன். இன்னொருக்கா பஸ்ஸில விட்டுட்டு வந்திருவார்.”

கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அருளப்பு அவளுக்கு முன்னால் ஓட்டோவில் ஏறினான்.