அறுபத்திரண்டாம் பக்கம்

தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு இளமதி நூலகத்துக்குத் திரும்பியபோது அவளுடைய நாற்காலி சூடாக இருந்தது.

டிஷ்யூ பாக்கெட், தண்ணீர்ப் புட்டி, மாணவர் அட்டை எல்லாம் மேசையில் வைத்தது வைத்தபடி இருந்தன. தேர்வுக் காலத்தில் இடம்பிடிக்க ஒரு டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டுப் போனால் போதும், போலீஸ்காரரே வந்தாலும் அந்த இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டுதான் இருப்பார். ஆனால் திறந்திருந்த பாடப்புத்தகத்தில், நாற்பதாம் பக்கத்தில் அவள் நிறுத்தியிருந்த மஞ்சள் கோடு அறுபத்திரண்டாம் பக்கம்வரை போயிருந்தது. ஓரங்களில் குறிப்புகள். அவளுடைய கையெழுத்தேதான்.

புள்ளியியல். மூன்றாவது முறை எழுதப்போகிறாள். இதிலும் தோற்றால் பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பிவிடுவார்கள், அதன்பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

குளிர்சாதனத்தின் ஓயாத முனகலும், ஈரக் கம்பளத்தின் வாடையும், யாரோ ஒளித்துத் தின்ற மேகி மணமும், நூறு பேர் பேசாமல் பக்கம் புரட்டும் சரசரப்பும் அவளைச் சூழ்ந்திருக்க, அந்தச் சூட்டின் மேலேயே உட்கார்ந்தாள். பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. மூன்று வாரமாகவே பசி, தூக்கம், அழுகை எதுவும் ஒழுங்காக வருவதில்லை. யார் படித்தால் என்ன, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள், தேர்வுக்கு முந்திய நாள், எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு வேண்டுமென்றே எழுந்து போனாள். டோபி காட் ரயில் நிலையத்து மின்படிக்கட்டில் இறங்கும்போது உடன் படிக்கும் ரக்ஷனா போனில் அழைத்தாள்.

"ஏன் லா, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிற?"

"எப்ப?"

"இப்பதான். லைப்ரரில உன் பின்னாடிதான் உக்காந்திருக்கேன்."

படிக்கட்டு அவளைக் கீழே கொண்டுபோனது. திரும்பி ஓடலாம்.

"படிக்கிறேன்ல, அதான்," என்றாள் இளமதி. பொருள்களை எடுக்கப் போகவில்லை. செங்காங் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கல்லைப் போலத் தூங்கினாள்.

விழித்தபோது மறுநாள் காலை மணி பதினொன்றரை. தேர்வு ஒன்பதுக்கு. போனில் ரக்ஷனாவின் செய்தி வந்திருந்தது: 'செம கஷ்டம் லா. நீ மட்டும் நாலு எக்ஸ்ட்ரா பேப்பர் வாங்குன.'

கட்டிலில் உட்கார்ந்தாள். நிம்மதியாகத்தான் இருந்தது.

வெளியே இரும்புக் கதவில் சாவி திரும்பியது. செருப்பு கழலும் சத்தம். குழாயில் தண்ணீர்.

"அம்மா, பசிக்குது."

இளமதியின் குரலேதான்.

"பேப்பர் எப்படிம்மா?" என்றாள் அம்மா.

"பாஸ் ஆயிடுவேன்மா."

அம்மா சிரித்தாள். வாய்விட்டு.

இப்போதுதான் பயம் வந்தது. மூன்று வாரத்துப் பயமும் மொத்தமாக.

அறைக் கதவு திறந்தது. அம்மா கட்டிலைப் பார்த்தாள். இளமதி உட்கார்ந்திருந்த இடத்தை. நேராக.

"அம்மா."

இன்னொரு முறை. சத்தமாக.

"ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுது பாரு," என்று அம்மா கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். சுவிட்சைத் தட்டினாள். கதவைச் சாத்தினாள்.

மேலே மின்விசிறி மூன்று சுற்று சுற்றியது. நின்றது. வெளியே மேசையில் இரண்டு தட்டு வைக்கும் சத்தம்.