மொங்கோ சொல்ல ஒரு ஆள்

சோடே ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், கழிப்பறைக்கு யாரும் தனியாகப் போவதில்லை.

கழிப்பறை பள்ளிக்குப் பின்னால், மூங்கில் புதரை ஒட்டி இருந்தது. நட்ட நடுப்பகலிலும் உள்ளே இருட்டிக்கொண்டுதான் இருக்கும். வலப்பக்கம் வரிசையாக மூன்று அறைகள். கடைசி அறைக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் 'சொட்... சொட்...' என்று சத்தம் கேட்கும். ஒருவர் வந்து புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனார். புதுக் குழாயும் சொட்டியது.

அதனால் எல்லோரும் வாசலில் நின்று "பெர்மிசி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்கள் குடியிருக்கும் இடத்துக்குள் உத்தரவு கேட்காமல் போகலாமா? ஆலமரத்தடியோ, பாழுங்கிணறோ, எங்கள் ஊரில் பெரியவர்களும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆறாம் வகுப்புப் பையன்கள் மட்டும் வெட்கப்பட்டு, இருமுவதுபோல் சொல்வார்கள்.

ஐந்தாம் வகுப்பு வெனிங் ஒரே மூச்சில் 'பெர்மிசி' சொல்லிவிட்டு உள்ளே ஓடிப்போய் வருவாள். அவளுக்குப் பயமில்லை. பயமில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அவள் தம்பி கிலாங் முதல் வகுப்பு. அவன் அந்தப் பக்கமே போகமாட்டான். காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். பள்ளி விட்டதும் காலைக் குறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். அப்படி அடக்கி அடக்கி, மழைக்காலம் தொடங்கியபோது அவனுக்கு வயிறு வலித்துக் காய்ச்சலே வந்துவிட்டது.

"தண்ணி குடிக்கணும், வந்தா உடனே போகணும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

அம்மா அன்று இரவு வெனிங்கிடம் சொன்னாள்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இவனை மகெலாங்குக்கு அனுப்பிடுவேன். உங்க சித்தி வீட்டுக்கு எதிர்லயே பள்ளிக்கூடம் இருக்கு. ஒண்ணுக்கு வந்தா வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்."

தம்பி இல்லாத வீட்டை வெனிங்கால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் தொல்லைதான். இருந்தாலும் அவளுடைய தொல்லை அல்லவா?

நல்ல வேளையாக அந்த மாதமே ஜாரோத் அண்ணா வந்து சேர்ந்தார். ஊர்ச் சுவர்களில் எல்லாம் படம் வரைகிற ஓவியர். தலைமுடியைக் கொண்டை போட்டிருப்பார். கால்சட்டையில் இல்லாத நிறமே கிடையாது.

"உங்க கழிப்பறையை நீங்களே அழகாக்கப்போறீங்க. நான் சும்மா ஏணி பிடிக்கிற ஆளு" என்றார்.

பிள்ளைகள் குதித்தார்கள். ரெத்னோ டீச்சர் மட்டும், "பெயிண்ட் சுவத்துல இருக்கணும், சட்டையில இல்ல" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாருக்கும் அது காதில் விழவில்லை.

முதல் அறையில் மேகங்களும் பட்டங்களும் வந்தன. இரண்டாம் அறையில் மீன்கள். தாமர் வரைந்த சுறா பூனை மாதிரி இருந்தது. "இது பூனைச் சுறா, புது வகை" என்று அவன் சாதித்தான். மூன்றாம் அறையில் வாழைத்தோப்பு. அந்த அறைக்குள் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டேதான் வரைந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு சுவர் மட்டும் மக்கர் பண்ணியது.

அது மூன்றாம் அறையை ஒட்டிய கடைசிச் சுவர். வாசலில் நின்றாலே நேராகக் கண்ணில் படும். அதில் மஞ்சள் பூசினார்கள். மறுநாள் காலையில் நடுவில் ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. மேலே மீண்டும் மஞ்சள் பூசினார்கள். மறுபடியும் அதே இடத்தில், அதே அளவில் திட்டு வந்தது. மூன்றாவது தடவை ஜாரோத் அண்ணா சுவரைச் சுரண்டிக் காயவைத்துப் பூசினார்.

மறுநாள் தாமர்தான் முதலில் பார்த்தான். "அண்ணா, மேல உருண்டையா இருக்கே, அது தலை. கீழ பாவாடை. குனிஞ்சு நிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. குழாய் 'சொட்' என்றது.

"ஆத்துல தண்ணி ஏறியிருக்கு, ஈரம் சுவத்துல ஊறுது. அவ்வளவுதான்" என்றார் ஜாரோத் அண்ணா. ஆனால் அன்று அவர் சீக்கிரமே தூரிகைகளைக் கழுவிவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை கழிப்பறையைத் திறந்தார்கள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வேலை இல்லாதவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். கடைசிச் சுவரை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெனிங் தம்பியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கிலாங் வாசலில் நின்றான். "பெர்மிசி" என்றான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

"டேய்! எங்கடா போற? உனக்காக நான் எத்தனை மீன் வரைஞ்சேன் தெரியுமா?"

"மீனு நல்லா இருக்குக்கா."

"அப்புறம் என்னடா பயம்?"

"பயம் இல்ல. நான் கேட்டேன்ல? யாரும் மொங்கோ சொல்லலியே."

வாசலில் நின்று பெர்மிசி கேட்டால், வீட்டில் இருப்பவர்கள் 'மொங்கோ, வாங்க' என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் உள்ளே போகவேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கும் இது தெரியும்.

"சொல்லாம எப்படிப் போறது? நம்ம வீட்டுக்குள்ள யாராச்சும் அப்படி வந்தா அம்மா சும்மா விடுவாங்களா?" என்று கேட்டான் கிலாங்.

"சரி, நான் சொல்றேன். மொங்கோ! போ."

"நீ சொன்னா எப்படி? நீ என்ன அந்த வீட்டு ஆளா?"

அன்றும் அவன் அடக்கிக்கொண்டே இருந்தான். மதியம் அவன் முகம் சுருங்கியிருப்பதைப் பார்த்து வெனிங்குக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் மகெலாங்தான்.

பள்ளி விட்டதும் அவள் கழிப்பறைக்குப் போனாள். ஜாரோத் அண்ணா கறுப்புத் தார் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "இதைப் பூசிட்டா ஈரம் தலை காட்டாது" என்றார்.

வெனிங் சுவரைப் பார்த்தாள். குனிந்த தலை. சின்ன உடம்பு, கிலாங்கைவிடக் கொஞ்சம் உயரம். யாரிடமும் கேட்காமல் வீடு முழுக்க வண்ணம் அடித்துவிட்டு, வீட்டுக்காரியைத் திரும்பத் திரும்ப மூடிக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது.

"மூட வேணாம்ணா" என்றாள். "அவ இருக்கட்டும்."

"எவ?"

வெனிங் ஒரு சுண்ணக்கட்டியை எடுத்தாள். "பெர்மிசி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஈரத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டாள். தலை, தோள், பாவாடை. இடப்பக்கம் ஈரம் ஒரு கை போல நீண்டிருந்தது. அது மூன்று அறைகள் இருக்கும் பக்கம் அல்ல, வாசல் பக்கமும் அல்ல. அறைகள் வலப்பக்கம் இருக்கின்றனவே.

"கை தப்பான பக்கம் நீளுதே" என்று முணுமுணுத்தாள்.

"ஈரத்துமேல பெயிண்ட் நிக்காது" என்றார் ஜாரோத் அண்ணா. இப்போது அவர் குரலும் இறங்கியிருந்தது. "உள்ள ஒண்ணும் பூசாம விட்டுடலாம். சுத்தி மட்டும் பூசுவோம். அவளை ஈரமே வரையட்டும். கையை நீ போடு."

அவர் அவளைச் சுற்றிலும் வாழையிலைகளை வரைந்தார். வெனிங் வலப்பக்கம் ஒரு கையை வரைந்தாள். நான்கு விரல்களை மடக்கிக் கட்டைவிரலை மட்டும் நீட்டி, அறைகளின் பக்கம் காட்டுகிற கை. எங்கள் ஊரில் கட்டைவிரலால்தான் வழி காட்டுவார்கள். ஆள்காட்டி விரலால் காட்டினால் அது என்ன மரியாதை?

முகம் மட்டும் வெறுமையாக இருந்தது. "பல்லு வை, நீளமா" என்றான் வேடிக்கை பார்க்க வந்த தாமர். வெனிங் அவனை முறைத்தாள். முகத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

இடப்பக்கம் நீண்டிருந்த ஈரம் காய்ந்து போயிருந்தது. வலப்பக்கம், வெனிங் வரைந்த கைக்குள் ஈரம் ஊறியிருந்தது. கட்டைவிரல் நுனிவரை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வளைந்த கோடு பூத்திருந்தது. சிரிப்பு மாதிரி.

"சுவத்துல உப்புப் பூத்திருக்கு. பழைய கட்டடம்னா பூக்கும்" என்றார் ஜாரோத் அண்ணா. சொல்லும்போது அவர் சுவரைப் பார்க்கவில்லை.

கிலாங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"பெர்மிசி" என்றான்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 'சொட்' என்று சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

கிலாங் லேசாகத் தலை குனிந்தான். விருந்துக்குப் போகிறவன்போல் நிதானமாக நடந்து, மூன்றாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். யாரும் அசையவில்லை. மக்கில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

வெனிங் அவனைத் தனியாக இழுத்துப் போனாள். "எப்படிடா போன?"

"அதான் மொங்கோ சொன்னாங்களே."

"யாரு? எனக்குக் கேக்கலையே!"

"நீ கேக்கவே இல்லியே. நான்தானே கேட்டேன்?"

"குரல் எப்படிடா இருந்துச்சு?"

கிலாங் யோசித்தான். "ஈரமா இருந்துச்சு" என்றான். பிறகு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மடக் மடக்கென்று பாதி பாட்டிலைக் குடித்தான்.

அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, வெனிங் மட்டும் கழிப்பறை வாசலுக்குத் திரும்பி வந்தாள். மூங்கில்கள் உரசிக்கொண்டன. சுவரில் அந்தச் சின்னப் பெண் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என் தம்பிய உள்ள விட்டதுக்கு ரொம்ப நன்றி" என்று சொன்னாள் வெனிங்.

நன்றி சொன்னால் யாராக இருந்தாலும் ஏதாவது பதில் சொல்லத்தான் செய்வார்கள். அது சட்டென்று நினைவுக்கு வந்ததும், பயமே இல்லாத வெனிங் பையைக்கூட எடுக்காமல் வீடுவரைக்கும் ஓடினாள்.